4 கேபியா, 2 எம்பியா? லினக்ஸ் சர்வருக்கு எந்தப் பக்க அளவு சரிப்படும்

லினக்ஸ் நினைவகத்தைப் 'பக்கம்' என்ற துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. வழக்கமான பக்கம் 4 கேபி, பெரிய பக்கம் 2 எம்பி. எதைப் பயன்படுத்துவது? லினக்ஸில் டேட்டாபேஸ் சர்வர் அமைக்கிறவர்கள் ஒரு கட்டத்தில் இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ரெடிஸின் ஆவணம் டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜை, அதாவது கெர்னல் தானாகவே பெரிய பக்கம் கொடுக்கும் வசதியை (சுருக்கமாக டிஹெச்பி), அணைத்துவிடச் சொல்கிறது. ஆரக்கிளும் அணைக்கத்தான் சொல்கிறது, ஆனால் பெரிய பக்கங்களை வேறு வழியில் முன்கூட்டியே ஒதுக்கிவிடு என்கிறது. மோங்கோடிபி பல வருடங்களாக அணைக்கச் சொல்லிவிட்டு, 2024இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து அதையே இயக்கி வைக்கச் சொல்கிறது. போஸ்ட்கிரெஸ் 'கிடைத்தால் எடுத்துக்கொள்கிறேன், கிடைக்காவிட்டால் பரவாயில்லை' என்ற நிலையில் அமைதியாக இருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

இதைக் கேட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'ஆன் பண்ணவா, ஆஃப் பண்ணவா' என்று ஒரு சொல்லில் பதில் எதிர்பார்க்கிறார்கள். அப்படிச் சொல்ல முடியாது. மேலே சொன்ன ஆவணங்கள் எதுவும் பொய் இல்லை. ஒவ்வொன்றும் தன்னுடைய மென்பொருள் நினைவகத்தைத் தொடும் விதத்தை வைத்துப் பேசுகிறது. உங்கள் ப்ராசஸரில் கேஷ் (ப்ராசஸருக்குள் இருக்கும் வேகமான சிறு நினைவகம்) எவ்வளவு, டிஎல்பி (முகவரிகளுக்கான தனிக் கேஷ்) எவ்வளவு என்பது எழுதியவருக்குத் தெரியாது. முடிவைப் பெருமளவு மாற்றுவது அந்த இரண்டு எண்கள்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், டிஎல்பி எட்டும் தூரம்.

நிரல் கேட்பது மெய்நிகர் முகவரி. ரேமில் இருப்பது உண்மை முகவரி. இரண்டுக்கும் உள்ள பொருத்தத்தைப் பக்கம் பக்கமாக இயங்குதளம் பக்க அட்டவணையில் எழுதி வைக்கிறது. எக்ஸ்86-64இல் (இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர் வகை) அந்த அட்டவணை வழக்கமாக நான்கு அடுக்கு. அதாவது ஒரு முகவரியைப் பெயர்க்க நான்கு முறை நினைவகத்தைப் படிக்க வேண்டி வரலாம். ஒவ்வொரு முறையும் இப்படிப் போனால் கட்டுப்படியாகாது. அதனால் அண்மையில் பெயர்த்த முகவரிகளை ப்ராசஸர் தனக்குள்ளேயே ஒரு சிறு கேஷில் வைத்துக்கொள்கிறது. அதுதான் டிஎல்பி.

எவ்வளவு சிறியது? இன்டெலின் ஸ்கைலேக் வகையில் 4 கேபி பக்கங்களுக்கு முதல் நிலை டேட்டா டிஎல்பியில் 64 இடங்கள், இரண்டாம் நிலையில் 1536 இடங்கள். 1536ஐ 4 கேபியால் பெருக்கினால் 6 எம்பி. அவ்வளவுதான். அதே 1536 இடங்களில் 2 எம்பி பக்கங்கள் உட்கார்ந்தால் 3 ஜிபி வரை எட்டும்.

ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டியைப் பாருங்கள். 2022இல் வந்தது, எல்3 கேஷ் 96 எம்பி. (எல்1 மிகச் சிறியது, மிக வேகமானது; எல்2, எல்3 படிப்படியாகப் பெரியவை, மெதுவானவை.) இரண்டாம் நிலை டேட்டா டிஎல்பியில் 2048 இடங்கள். 4 கேபி கணக்கில் அது 8 எம்பி. பெரிய குடோன் கட்டிவிட்டு, எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கச் சட்டைப்பை டைரி ஒன்றை மட்டும் வைத்திருப்பது போலத்தான். டேட்டா எல்3இல் தயாராக இருக்கும், ஆனால் அதன் முகவரி டிஎல்பியில் இருக்காது. அடுத்தடுத்துள்ள சில 4 கேபி பக்கங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் வித்தை ஏஎம்டியின் சென் வகை ப்ராசஸர்களுக்குத் தெரியும். ஆனால் அதற்கும் ரேமில் அந்தப் பக்கங்கள் வரிசையாக அமைய வேண்டும். கடந்த பத்து வருடங்களில் கேஷ் வளர்ந்த வேகத்துக்கு டிஎல்பி வளரவில்லை. 'பெரிய கேஷ் உள்ள ப்ராசஸர் வாங்கியிருக்கிறேன், நினைவகப் பிரச்சினை தீர்ந்தது' என்று நினைப்பவர்கள் இந்த இடைவெளியைத்தான் கவனிப்பதில்லை.

இரண்டாவது அளவுகோல் இன்னும் முக்கியம், ஆனால் யாரும் அதிகம் பேசுவதில்லை: பக்க அட்டவணையே கேஷில் இடம் பிடிக்கும். ஒரு பதிவுக்கு 8 பைட். கேஷ் ஒரே தடவையில் இழுக்கும் 64 பைட் துண்டான கேஷ் வரி ஒன்றில் எட்டு பதிவுகள். 64 ஜிபி நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகப் பெயர்த்தால் கடைசி அடுக்கு மட்டும் 128 எம்பி. சர்வர் ப்ராசஸர்கள் பலவற்றின் எல்3இலும் அது அடங்காது. நிரல் அந்த 64 ஜிபியைத் தாறுமாறாகத் தொட்டால், ஒவ்வொரு தொடலுக்கும் டேட்டாவுக்காக ஒரு முறை, அதன் முகவரிப் பதிவுக்காக ஒரு முறை என்று இரண்டு தடவை ரேமுக்குப் போக நேரிடும். 2 எம்பி பக்கங்கள் என்றால் ஓர் அடுக்கு குறைகிறது. கடைசி அடுக்கின் மொத்த அளவு 256 கேபி. அது எல்2இலேயே இருந்துவிடக்கூடியது. டிஎல்பி தவறினாலும் பரவாயில்லை, தேடல் கேஷுக்குள்ளேயே முடிந்துவிடும். பெரிய பக்கத்தால் வரும் லாபத்தில் பாதி இங்கேதான் வருகிறது என்பது என் எண்ணம்.

தாறுமாறாக என்று சொன்னதை மறந்துவிட வேண்டாம். வரிசையாகப் படிக்கும் வேலைக்கு, ஒரு 4 கேபி பக்கத்தில் 64 கேஷ் வரிகள் இருப்பதால், 64 வரிகளுக்கு ஒரு டிஎல்பி தவறல்தான். அது பெரிதாக உறைக்காது. ஹாஷ் டேபிள், பி-ட்ரீ, கிராஃப், பெரிய ஜாவா ஹீப் போன்றவைதான் அடிவாங்குபவை.

மூன்றாவது, மோசமான நேரத் தாமதம். சராசரி வேகம் கூடி, ஆயிரத்தில் ஒரு கோரிக்கை மட்டும் திடீரென்று தடுமாறினால் அது லாபமா என்பதை உங்கள் வேலைதான் முடிவு செய்யும். நான்காவது, வீணாகும் ரேம். ஐந்தாவது, இதை யார் பார்த்துக்கொள்வது: மறுதொடக்கம் இல்லாமல் மாற்ற முடியுமா, மெமரி அளவு மாறும்போது யாராவது நினைவு வைத்து அமைப்பைத் திருத்துவார்களா.

## வழி 1: 4 கேபியோடு இருந்துவிடுவது

இன்டெல் 80386 காலத்திலிருந்து, அதாவது 1985இலிருந்து, வரும் அளவு இது. பழையது என்பதற்காக மோசமானது ஆகிவிடாது. சின்னச் சின்ன புராசஸ்கள் நிறைய ஓடும் சர்வர், வெப் முன்முனை, பில்ட் சர்வர் போன்றவற்றில் ஒவ்வொன்றும் தொடும் நினைவகம் சில எம்பிதான். அங்கே டிஎல்பி ஒரு பொருட்டே இல்லை. வீணாகும் ரேமும் குறைவு. பக்கக் கோளாறு (நிரல் தொட்ட முகவரிக்கு இன்னும் ரேம் ஒதுக்கப்படாத நிலை) ஏற்பட்டால் கெர்னல் துடைத்துச் சுழியமாக்க வேண்டியது 4 கேபி மட்டும். எல்1இலேயே முடிந்துவிடும் வேலை.

மறைந்திருக்கும் செலவு, ஒரே பகிர்வு நினைவகத்தைப் பல புராசஸ்கள் பயன்படுத்தும்போது வெளியே வருகிறது. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி புராசஸ். ஒவ்வொரு புராசஸுக்கும் தனிப் பக்க அட்டவணை. எல்லா இணைப்புகளும் பகிரும் ஷேர்டு பஃபர் 16 ஜிபி என்று வையுங்கள். ஓர் இணைப்பு முழுவதையும் தொட்டு முடித்தால் அதன் பக்க அட்டவணை 32 எம்பி. 200 இணைப்புகள் அப்படித் தொட்டால் 6 ஜிபிக்கு மேல் ரேம் வெறும் முகவரிக் குறிப்புகளுக்கே போய்விடும். எந்த டேட்டாவும் இல்லாத 6 ஜிபி! கெர்னலின் நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் 'பேஜ்டேபிள்ஸ்' என்ற வரியைப் பார்த்தால் தெரியும். 'ரேம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை' என்று புலம்புகிறவர்களில் பலர் அந்த வரியை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதுவும் ரேமோடு நிற்பதில்லை. ஒரே டேட்டாவின் முகவரிப் பதிவுகள் 200 நகல்களாக எல்3இல் இடத்துக்கு அடித்துக்கொள்ளும்.

## வழி 2: டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ்

2011இல் 2.6.38 கெர்னலோடு வந்தது. நிரலை மாற்ற வேண்டாம், முன்பதிவு வேண்டாம். கெர்னல் தானாகவே 2 எம்பி துண்டுகளைத் தேடிக் கொடுக்கும், பின்னணியில் கேஹியூஜ்பேஜ்டி என்ற கெர்னல் த்ரெட் சிறிய பக்கங்களை ஒன்றுசேர்த்துக்கொண்டே இருக்கும். மூன்று நிலைகள் உண்டு: ஆல்வேஸ், எம்அட்வைஸ், நெவர். எம்அட்வைஸ் என்றால் 'எனக்கு இந்தப் பகுதிக்குப் பெரிய பக்கம் வேண்டும்' என்று கேட்கும் நிரலுக்கு மட்டும் கிடைக்கும். லினக்ஸ் விநியோகத்துக்கு (டிஸ்ட்ரோ) விநியோகம் இயல்பு நிலை வேறுபடும். ரெட் ஹேட் வழியில் ஆல்வேஸ், உபுண்டுவில் எம்அட்வைஸ்.

லாபம் மேலே சொன்னதுதான்: டிஎல்பி தூரம் 512 மடங்கு, பக்க அட்டவணை 512 மடங்கு சிறியது, கூடவே 512 பக்கக் கோளாறுகளுக்குப் பதில் ஒன்று. செலவைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

முதல் செலவு சுழியமாக்குதல். நிரல் ஒரே ஒரு பைட்டைத் தொட்டாலும் கெர்னல் 2 எம்பி முழுவதையும் துடைத்துக் கொடுக்க வேண்டும். நொடிக்கு 10 ஜிபி வேகத்தில் அது 0.2 மில்லி நொடி. நேரத்தைவிடக் கேஷுக்கு ஏற்படும் கலக்கம் முக்கியம்: 2 எம்பி என்பது 32,768 கேஷ் வரிகள். சென் 4இன் எல்2 கேஷ் 1 எம்பிதான். ஒரு பக்கக் கோளாறு வந்துபோனால் நீங்கள் சூடாக வைத்திருந்த டேட்டா எல்2இலிருந்து வெளியே தள்ளப்பட்டிருக்கும். கெர்னல்காரர்களுக்கு இது தெரியும். அதனால்தான் நிரல் உண்மையில் தொட்ட 4 கேபித் துண்டைக் கடைசியாகத் துடைக்கும்படி மாற்றியிருக்கிறார்கள்; அந்தத் துண்டின் வரிகளாவது கேஷில் இருக்கும் நிலையில் நிரலுக்குத் திரும்பலாம். நல்ல வேலை. ஆனால் முழு மருந்து இல்லை.

இரண்டாவது, ஒன்றுசேர்த்தல். பல வாரங்கள் ஓடிய சர்வரில் வரிசையான 2 எம்பி காலி இடம் எளிதில் கிடைக்காது. அப்போது கெர்னல் பக்கங்களை அங்கும் இங்கும் நகர்த்தி இடம் பண்ணும். அதை நிரல் காத்திருக்கும் நேரத்திலேயே செய்வதா, பின்னணிக்குத் தள்ளுவதா என்பது டீஃப்ராக் என்ற தனி அமைப்பில் இருக்கிறது. 'டிஹெச்பி போட்டதும் திடீர் திடீரென்று தொங்குகிறது' என்ற பழைய புகார்களுக்கு இந்த அமைப்பு ஆல்வேஸில் இருந்தது ஒரு பெரிய காரணம். இப்போதைய கெர்னல்களில் இயல்பு எம்அட்வைஸ்.

மூன்றாவது, ஊதிப்போகும் ரேம். கேஹியூஜ்பேஜ்டிக்கு எக்ஸ்86இல் இயல்பாக விதிக்கப்பட்ட வரம்பு 511. அதாவது 512 சிறு பக்கங்களில் 511 காலியாக இருந்தாலும் மீதி ஒன்றை வைத்து 2 எம்பியாக ஆக்கிவிடலாம். மெமரி ஒதுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும் நிரல்களுக்கு இது பகை. ஒரு பக்கம் நிரல் விடுவிக்கும், மறுபக்கம் கெர்னல் நிரப்பும். ஆல்வேஸ் வேண்டும், ஆனால் ஊதல் வேண்டாம் என்பவர்கள் முதலில் குறைக்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

நான்காவது ரெடிஸ் விவகாரம். ரெடிஸ் டிஸ்க்கில் சேமிக்கும்போது ஃபோர்க் செய்கிறது, அதாவது தன்னைப் போலவே ஒரு பிள்ளை புராசஸை உருவாக்குகிறது. தாயும் பிள்ளையும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும். யாராவது எழுதும்போதுதான் நகல். 2 எம்பிப் பக்கத்தில் ஒரு சின்னக் கீயை மாற்றினாலும் 2 எம்பி முழுக்க நகல் எடுக்கப்பட்டது. தாமதமும் ரேமும் எகிறின. அறிவுரை அங்கிருந்து வந்தது. ஆனால் 2020இல் வந்த 5.8 கெர்னலில் இந்த நடத்தை மாறிவிட்டது. எழுதும்போது பெரிய பக்கத்தின் பெயர்ப்பைப் பிரித்து, தொட்ட 4 கேபியை மட்டும் நகல் எடுக்கிறது. அறிவுரையைத் திருப்பிச் சொல்கிறவர்களில் பலர் இதைச் சொல்வதில்லை. இன்னொன்று, ஃபோர்க் செய்யும் கணத்தைப் பெரிய பக்கங்கள் உண்மையில் வேகப்படுத்துகின்றன. 24 ஜிபி ரெடிஸுக்கு 4 கேபியில் 48 எம்பி பக்க அட்டவணையை நகல் எடுக்க வேண்டும். இருந்தாலும் ரெடிஸுக்கு நானும் அணைத்து வைக்கவே சொல்வேன். பிரிந்த பக்கங்களை மறுபடி சேர்க்கும் வேலையும் ஊதலும் அதன் தாமதக் கணக்குக்கு ஒத்துவராது. இப்போதைய ரெடிஸ் தன் புராசஸுக்கு மட்டும் டிஹெச்பியைத் தானே அணைத்துக்கொள்கிறது என்பதால், அதற்காக சர்வர் முழுவதையும் நெவரில் போட வேண்டிய அவசியமும் இல்லை.

2024இல் 6.8 கெர்னலோடு 16 கேபி, 64 கேபி போன்ற இடைநிலை அளவுகளும் டிஹெச்பிக்கு வந்துவிட்டன. 64 கேபியைத் துடைப்பது கேஷுக்குப் பெரிய பாரம் இல்லை, காலி இடமும் எளிதில் கிடைக்கும். ஆர்ம் ப்ராசஸர்கள் வரிசையான 16 சிறு பக்கங்களை டிஎல்பியில் ஒரே இடமாக வைக்க முடியும் என்பதால் அங்கே நல்ல பலன். எக்ஸ்86 இன்டெலில் டிஎல்பி லாபம் அதே அளவுக்குக் கிடைக்காது. பக்கக் கோளாறுகள் குறைவது மட்டும் மிச்சம்.

## வழி 3: முன்பதிவுப் பெரிய பக்கங்கள்

ஆரக்கிள் சொல்வது இதைத்தான். சர்வர் தொடங்கும்போதே இத்தனை 2 எம்பி பக்கங்கள் என்று தனியாக எடுத்து வைத்துவிடுகிறீர்கள். அவற்றைக் கேட்டு வாங்கும் நிரலுக்குத்தான் கிடைக்கும். ஒன்றுசேர்க்கும் வேலை இல்லை, ஸ்வாப்புக்குப் போகாது, நடுவில் பிரியாது. தாமதம் கணிக்கக்கூடியதாக இருக்கும்.

போஸ்ட்கிரெஸ் கணக்கை இங்கே திரும்பப் போட்டுப் பாருங்கள். 16 ஜிபி ஷேர்டு பஃபருக்கு ஓர் இணைப்பின் அட்டவணை 64 கேபி. 200 இணைப்புகளுக்கும் சேர்த்துக் கூடிப்போனால் 13 எம்பி. 6 ஜிபி எங்கே, 13 எம்பி எங்கே! பெரிய ஷேர்டு பஃபரும் நிறைய இணைப்புகளும் உள்ள போஸ்ட்கிரெஸுக்கு இதைச் செய்யாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. 9.4 பதிப்பிலிருந்தே வசதி இருக்கிறது. 15ஆம் பதிப்பிலிருந்து எத்தனை பக்கங்கள் வேண்டும் என்று அதுவே கணக்கிட்டுச் சொல்லும். ஒரு விஷயம்: இயல்பு அமைப்பு 'ட்ரை'. பக்கங்கள் போதாவிட்டால் சத்தமில்லாமல் 4 கேபிக்கு இறங்கிவிடும். முன்பதிவு செய்த இடமும் சும்மா கிடக்கும், 4 கேபிக்கான ரேமும் தனியாகப் போகும். அமைத்து முடித்ததும் அதை 'ஆன்' என்று மாற்றிவிடுங்கள். பக்கம் போதாவிட்டால் தொடங்கவே தொடங்காது; பிரச்சினை அப்போதே கண்ணில் படும்.

மறைந்திருக்கும் செலவு இதுதான்: எடுத்து வைத்தது எடுத்து வைத்ததுதான். 20 ஜிபி ஒதுக்கிவிட்டு டேட்டாபேஸ் 12 ஜிபியைப் பயன்படுத்தினால் மீதி 8 ஜிபி வேறு யாருக்கும், ஃபைல் கேஷுக்கும்கூட, உதவாது. ஆரக்கிளில் தானியங்கி மெமரி மேலாண்மையோடு இது சேராது. அதை விட்டுவிட வேண்டும். இரண்டு சாக்கெட் சர்வரில் முன்பதிவு இரு நியூமா முனைகளிலும் (ஒவ்வொரு ப்ராசஸருக்கும் அருகில் உள்ள ரேம் பகுதி) எப்படிப் பிரிகிறது என்று பார்க்க வேண்டும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் இதைத் தனி வளமாகக் கோர வேண்டும். டேட்டாபேஸ் ஆளும் சர்வர் ஆளும் வேறு வேறு அணியில் இருக்கிற நிறுவனங்களில், ஒருவர் பஃபரைக் கூட்ட, மற்றவர் முன்பதிவைக் கூட்டாமல் விட, தகராறு நிச்சயம்.

1 ஜிபி பக்கங்களும் உண்டு. அவற்றை சர்வர் தொடங்கும்போது கெர்னல் வரியிலேயே கேட்டுவிடுவது நல்லது. பிறகு வரிசையான 1 ஜிபி கிடைப்பது அரிது. 64 ஜிபிக்கு 64 பதிவுகள், 512 பைட். அட்டவணை எல்1இலேயே உட்கார்ந்துவிடும். ஆனால் ப்ராசஸர் 1 ஜிபிக்கென்று எத்தனை டிஎல்பி இடம் வைத்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்கைலேக்கில் முதல் நிலையில் 4, இரண்டாம் நிலையில் 16. மெய்நிகர் கணினி ஓட்டும் ஹோஸ்ட்டுக்கும், பாக்கெட் கையாளும் டிபிடிகே மாதிரி வேலைகளுக்கும் சரி. சாதாரண டேட்டாபேஸுக்கு 2 எம்பி போதும்.

## வழி 4: அடிப்படைப் பக்கத்தையே பெரிதாக்குவது

இது எக்ஸ்86இல் கிடையாது. ஆர்மில் 4, 16, 64 கேபி என்று தேர்ந்தெடுக்கலாம். இங்கே கேஷ் வடிவமைப்பும் பக்க அளவும் நேரடியாகக் கைகோக்கும் ஒரு சுவையான இடம் இருக்கிறது.

எல்1 கேஷ் வேகமாக இருக்க, முகவரி பெயர்க்கப்படும் வரை காத்திருக்காமல், பெயர்ப்பில் மாறாத கடைசி 12 பிட்டுகளை வைத்தே தேடலைத் தொடங்கிவிடும். 12 பிட் என்றால் 4 கேபி. அதனால் கேஷின் ஒவ்வொரு 'வழி'யும் (வே, கேஷுக்குள் இணையாகத் தேடப்படும் பகுதி) 4 கேபியைத் தாண்டக் கூடாது. எட்டு வழி போட்டால் 32 கேபி. இன்டெலின் எல்1 டேட்டா கேஷ் பல தலைமுறைகளாக 32 கேபியிலேயே நின்றதற்கு இது ஒரு காரணம். 2019இல் ஐஸ் லேக்கில் 48 கேபி ஆக்கியபோது வழிகளை 12 ஆக்கித்தான் சமாளித்தார்கள். ஆப்பிள் 16 கேபி பக்கத்தைப் பயன்படுத்துகிறது. எட்டு வழியை 16 கேபியால் பெருக்குங்கள்: எம்1இன் வேகக் கோர்களில் 128 கேபி எல்1 டேட்டா கேஷ். பக்க அளவு பெரிதாக இருந்ததால் கிடைத்த சலுகை அது. ஆனால் நீங்கள் எக்ஸ்86இல் 2 எம்பி பக்கம் போட்டால் எல்1 பெரிதாகிவிடாது. அந்த முடிவு சிலிக்கானில் எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது.

ரெட் ஹேட் தன் ஆர்ம் பதிப்பில் 7, 8 வரை 64 கேபி வைத்திருந்து, 9இல் 4 கேபிக்குத் திரும்பியது. 64 கேபி கெர்னலைத் தனியாக நிறுவிக்கொள்ளலாம். காரணம் ஊகிக்கக்கூடியதே. ஒரு கேபி கோப்பும் ஃபைல் கேஷில் 64 கேபி பிடிக்கும். டிஹெச்பி அளவோ 64 கேபி கெர்னலில் 512 எம்பி ஆகிவிடும்; யாருக்கு வேண்டும் அது? 16 கேபி நடுநிலையான தேர்வு. ராஸ்பெர்ரி பை 5இன் இயல்புக் கெர்னல் அதைத்தான் பயன்படுத்துகிறது. ஆண்ட்ராய்டு 15இலும் 16 கேபி ஆதரவு வந்துவிட்டது. பக்கம் என்றால் 4 கேபிதான் என்று நம்பிக் கட்டப்பட்ட மென்பொருள்கள், குறிப்பாக ஜெமல்லாக் என்ற மெமரி ஒதுக்கியைச் சேர்த்துக் கட்டியவை, இதில் ஓடவே ஓடாமல் போகலாம். உங்கள் மென்பொருள் முழுவதையும் நீங்களே கட்டுபவர் என்றால் யோசிக்கலாம். இல்லையென்றால் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | 4 கேபி | டிஹெச்பி | முன்பதிவு | 16/64 கேபி அடிப்படை |
|---|---|---|---|---|
| 1536 இடத்தில் எட்டும் தூரம் | 6 எம்பி | 3 ஜிபி வரை, கிடைத்தால் | 3 ஜிபி, உறுதி | 24 / 96 எம்பி |
| 64 ஜிபிக்குக் கடைசி அடுக்கு | 128 எம்பி | 256 கேபி வரை இறங்கும் | 256 கேபி | 32 / 8 எம்பி |
| மோசமான நேரத் தாமதம் | குறைவு | கணிக்க முடியாது | மிகக் குறைவு | குறைவு |
| வீணாகும் ரேம் | மிகக் குறைவு | ஆல்வேஸில் அதிகம் | தப்புக் கணக்குப் போட்டால் அதிகம் | சிறு கோப்புகளில் அதிகம் |
| பராமரிப்பு | இல்லை | குறைவு | தொடர்ந்து வேண்டும் | கெர்னலையே மாற்ற வேண்டும் |

## யாருக்கு எது

பலவகை வேலை ஓடும் பொது சர்வருக்கு எம்அட்வைஸ். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கேட்கத் தெரிந்த நிரல் கேட்டு வாங்கிக்கொள்ளும், மற்றவை 4 கேபியில் நிம்மதியாக இருக்கும். ஜாவாவில் டிஹெச்பிக்கான தேர்வை இயக்கினால் ஹீப்புக்குக் கிடைக்கும். ஹீப்பைத் தொடக்கத்திலேயே முழுக்கத் தொட்டுவைக்கும் தேர்வையும் சேர்த்துக்கொண்டால், 2 எம்பி துடைக்கும் செலவு முதல் நிமிடத்திலேயே முடிந்துவிடும்.

போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் போல பெரிய பகிர்வு நினைவகம் வைத்திருப்பவற்றுக்கு முன்பதிவு. பஃபர் 1 ஜிபிக்குக் கீழே, இணைப்பும் சில பத்துதான் என்றால் அந்தத் தலைவலி தேவையில்லை.

மோங்கோடிபி 8.0க்கு ஆல்வேஸ், பழைய பதிப்புக்கு நெவர். அந்த நிறுவனம் கருத்தை மாற்றிக்கொண்டதற்குக் காரணம் கெர்னல் இல்லை, அவர்கள் பயன்படுத்தும் டிசிமல்லாக் என்ற மெமரி ஒதுக்கி. புதியது பெரிய பக்கங்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. ஒதுக்கி மாறினால் தீர்ப்பும் மாறும் என்பதால், 'டேட்டாபேஸ் என்றால் டிஹெச்பி ஆகாது' என்ற பொதுவிதியை நான் நம்புவதில்லை.

மெய்நிகர் கணினி ஹோஸ்ட்டில் கணக்கே வேறு. விருந்தினரின், அதாவது உள்ளே ஓடும் மெய்நிகர் கணினியின், ஒவ்வொரு அடுக்குப் படிப்புக்கும் ஹோஸ்ட்டின் அட்டவணையிலும் தேட வேண்டும் என்பதால், நான்குக்கு நான்கு அடுக்கில் ஒரு முகவரிப் பெயர்ப்புக்கு 24 படிப்புகள் வரை போகும். இரண்டு பக்கமும் 2 எம்பி ஆக்கினால் 15. கூலி கொடுத்து எடுக்கும் கிளவுட் கணினியில் ஹோஸ்ட் உங்கள் கையில் இல்லை. உள்ளே மட்டும் 2 எம்பி போட்டாலும் ஓரளவு பலன் உண்டு, வெளியே 4 கேபியாக இருந்தால் டிஎல்பியில் பெரும்பாலும் சிறு துண்டாகவே உட்காரும்.

## முடிவெடுக்கும் முன் அளந்துவிடுங்கள்

லினக்ஸின் பெர்ஃப் என்ற அளவிடும் கருவியில் டிஎல்பி தவறல்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். தவறல் கோடிக்கணக்கில் இருந்தாலும் ப்ராசஸர் அதை வேறு வேலைகளுக்கு நடுவே மறைத்துவிடும். பக்க அட்டவணைத் தேடல் நடந்துகொண்டிருந்த சைக்கிள்கள் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். என் கைக்கணக்கு: 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் எதையும் தொட வேண்டாம், இருபதுக்கு மேல் என்றால் பெரிய பக்கம் கண்ணுக்குத் தெரியும் பலனைக் கொடுக்கும். இடைப்பட்டதற்கு மோசமான நேரத் தாமதத்தையும் சேர்த்து அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மாற்றியபின் சேவையை மறுதொடக்கம் செய்ய மறக்க வேண்டாம். ஏற்கெனவே தொட்ட பக்கங்கள் அப்படியே 4 கேபியாகத்தான் இருக்கும். கேஹியூஜ்பேஜ்டி வந்து ஒவ்வொன்றாகச் சேர்க்கும் வரை நீங்கள் பழைய நிலையைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். அப்புறம் ஒரு வாரம் ஓடவிட்டு, கெர்னலின் விஎம்ஸ்டாட் கோப்பில் டிஹெச்பி ஃபால்பேக் எண்ணைப் பாருங்கள். பெரிய பக்கம் கேட்டும் கிடைக்காமல் கெர்னல் 4 கேபிக்கு இறங்கிய தடவைகள் அவை. அந்த எண் நாளுக்கு நாள் ஏறினால் ரேம் துண்டு துண்டாகிக்கொண்டிருக்கிறது. டிஹெச்பி அமைப்புகளை மேலும் திருகிக்கொண்டிருக்காமல், முன்பதிவுக்கு மாறிவிடுங்கள்.